குழந்தைகளுக்குச் சூரியக் குடும்பம்: பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த வயதில் தொடங்கலாம்?

மூன்று வயதிலேயே தொடங்கலாம். அந்த வயதுக்கு நிலா ஒன்றே போதும். சாயங்காலம் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், நிலா எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று மறுபடியும் காட்டுங்கள். நேற்று தென்னைமரத்துக்கு நேர் மேலே இருந்த நிலா இன்று கிழக்கே தள்ளி நிற்கும். கையை நீட்டி முட்டி மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. நிலா ஒரு நாளில் நகர்வது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாலு நாள் பார்த்த குழந்தைக்கு நிலா நகர்கிறது என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆறு வயதுக்கு மேல் இரவு பகல், நிழல், பிறை. தூரமும் அளவும் மனதில் நிற்க எட்டு, ஒன்பது வயதாவது ஆக வேண்டும்; மீட்டர், சென்டிமீட்டர் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

எட்டுக் கோள்களின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறாள். அது போதாதா?

பெயர்கள் தெரிவது நல்லதே. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் கிழமைகளிலேயே இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு யுரேனஸ், நெப்டியூன் இரண்டுதான் புதிது. ஆனால் பெயரைச் சொல்லத் தெரிந்த குழந்தை சூரியக் குடும்பத்தை எப்படிக் கற்பனை செய்கிறது என்பது வேறு விஷயம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைக்கலாம்.

ஒரு கூடைப்பந்தையும் ஒரு டென்னிஸ் பந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து கிட்டத்தட்டச் சரியான அளவு நிலா. "நிலாவைப் பூமியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒரு முழத்துக்குள் வைப்பார்கள், பெரியவர்களும் அப்படித்தான். சரியான இடம் 7 மீட்டருக்குச் சற்று அப்பால்.

கூடைப்பந்து கிடைக்காவிட்டால் எந்தப் பந்தாக இருந்தாலும் சரி. ஒரு நூலை அதன் நடுவில் ஒன்பதரைச் சுற்று சுற்றி, பிரித்து நீட்டுங்கள். அந்த நூலின் நீளம்தான் அந்தப் பூமிக்கும் அதன் நிலாவுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். பூமியின் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரத்தில் நிலா இருப்பதால் இந்தக் கணக்கு எந்தப் பந்துக்கும் பொருந்தும். நூல் பிரியப் பிரியக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். எத்தனையோ படங்களால் பதிந்துபோன தவறு அந்த அரை நிமிடத்தில் சரியாகிவிடும்.

அளவு மாறாத மாதிரியை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். 1 சென்டிமீட்டர் = 1 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நமக்குச் சுலபம்; லட்சத்தில் கணக்குப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சூரியனின் விட்டம் 13.9 லட்சம் கி.மீ., அதாவது மாதிரியில் 14 செ.மீ. காம்பஸில் 7 செ.மீ. ஆரம் வைத்து மஞ்சள் அட்டையில் ஒரு வட்டம் வெட்டினால் சூரியன் தயார். மற்றவை:

புதன்: அரை மில்லிமீட்டர், ஒரு மணல் துகள். சூரியனிலிருந்து 5.8 மீட்டர்.
வெள்ளி: 1.2 மி.மீ., சிறிய கடுகு. 10.8 மீட்டர்.
பூமி: 1.3 மி.மீ., இன்னொரு கடுகு. 15 மீட்டர்.
செவ்வாய்: 0.7 மி.மீ., பொடியான ஒரு கசகசா. 22.8 மீட்டர்.
வியாழன்: 14 மி.மீ., சிறிய கோலிக்குண்டு. 78 மீட்டர்.
சனி: 12 மி.மீ., களிமண்ணை உருட்டி அளந்துகொள்ளுங்கள். 143 மீட்டர்.
யுரேனஸ்: 5 மி.மீ., ஒரு மிளகு. 287 மீட்டர்.
நெப்டியூன்: இன்னொரு மிளகு. 450 மீட்டர்.

கடுகையும் கசகசாவையும் கையில் கொடுத்தால் தொலைந்துபோகும். அஞ்சலட்டை அளவுள்ள அட்டைகளில் ஒட்டி, பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, ஒரு குச்சியில் செருகுங்கள். பூமியின் அட்டையில் கடுகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளிப் பேனா முனையால் ஒரு சின்னப் புள்ளி: அது நிலா. மனிதர் இதுவரை போய்வந்த தூரம் முழுவதும் அந்த ஒரே அட்டைக்குள் அடங்கிவிடுகிறது. அதே கடுகிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 செ.மீ. தள்ளி நின்று வேலை செய்கிறது 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் இஸ்ரோ விண்கலமான ஆதித்யா எல்-1. சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்தம் 15 மீட்டரில் அது கடந்தது 15 சென்டிமீட்டர்தான்.

தூரத்தை அளக்க 10 மீட்டர் நீளக் கயிறு ஒன்று போதும். பெரியவர் எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளம் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நெப்டியூனுக்கு 600 எட்டு. குழந்தையின் எட்டில் கணக்குப் பார்க்காதீர்கள். உற்சாகத்தில் எட்டின் நீளம் மாறிக்கொண்டே போகும்.

பள்ளி மைதானம் 100 மீட்டர்தான் என்றால் வியாழனோடு நிறுத்திவிட்டு, சனி பேருந்து நிறுத்தத்துக்கு அருகே, நெப்டியூன் கடைத்தெருவின் கடைசியில் என்று வாயால் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்பதற்காகத் தூரத்தை மட்டும் சுருக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் மறுபடியும் கடையில் விற்கும் வரைபடம்தான் கிடைக்கும்.

இந்த மாதிரியில் வெளிச்சம் நொடிக்கு 3 செ.மீ. வேகத்தில் நகரும் (நிஜத்தில் நொடிக்கு 3 லட்சம் கி.மீ.). ஸ்கேலில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒரு குழந்தை "ஒன்று, இரண்டு" என்று எண்ண, இன்னொரு குழந்தை விரலை அந்த வேகத்தில் தரையில் நகர்த்தட்டும். அட்டைச் சூரியனிலிருந்து கடுகுக்குப் போய்ச் சேர 8 நிமிடம் 20 நொடி ஆகும். பூமியிலிருந்து நிலாவுக்கு ஒன்றே கால் நொடி. நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல்.

சூரியனை அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் புராக்ஸிமா சென்டாரி. அதே அளவில் அது சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் எட்டாது.

மாதிரி செய்தாயிற்று. கோள்கள் சுற்றுவதை எப்படிக் காட்டுவது?

பிள்ளைகளையே சுற்றவிடுங்கள். நடுவில் சூரியன். நான்கு பேர் முறையே 5.8, 10.8, 15, 22.8 மீட்டர் தூரத்தில், சுண்ணாம்புக் கோட்டில் வட்டமாக நடக்க வேண்டும். 50 மீட்டர் சதுரமான மைதானம் வேண்டும். பூமி ஒரு சுற்றை ஒரு நிமிடத்தில் முடிக்கட்டும். அப்படியானால் புதன் 14 அல்லது 15 நொடியில், வெள்ளி 37 நொடியில், செவ்வாய் 1 நிமிடம் 53 நொடியில் முடிக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச் உள்ள ஒருவர் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.

இதில் தானாக ஒன்று வெளிப்படும். புதனாக இருக்கும் பிள்ளை ஓட வேண்டியிருக்கும், பூமி வேகமாக நடக்கும், செவ்வாய் நிதானமாக நடக்கும். வெளியே போகப் போகப் பாதை நீளம் என்பதால் மட்டும் ஆண்டு நீளவில்லை, கோளின் வேகமும் குறைகிறது. நிஜத்தில் புதன் நொடிக்குச் சுமார் 47 கி.மீ., பூமி 30, செவ்வாய் 24.

எல்லோரும் மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் எதிர்த்திசையில் ஓடி இன்னொருவர்மேல் மோதுவது வழக்கமாக நடப்பதுதான்; தொடங்கும் முன் எல்லோரும் இடக்கையைச் சூரியன் பக்கம் நீட்டி நிற்கச் சொன்னால் திசை சரியாகிவிடும்.

பாடப் படங்களில் எவற்றைத் திருத்திச் சொல்ல வேண்டும்?

மூன்றை. கோள்கள் ஒரே வரிசையில் நிற்பது முதலாவது; இட வசதிக்காக அப்படி வரைகிறார்கள். இரண்டாவது, பூமியின் பாதையை முட்டை வடிவில் நீட்டி வரைவது. 10 செ.மீ. ஆரத்தில் அந்தப் பாதையைச் சரியாக வரைந்தால் வட்டத்திலிருந்து அதைக் கண்ணால் வேறுபடுத்தவே முடியாது. சூரியன் மட்டும் மையத்திலிருந்து 1.7 மி.மீ. தள்ளியிருக்கும். மூன்றாவது சிறுகோள் பட்டை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதப்பதாக வரைகிறார்கள். அங்குள்ள அத்தனை சிறுகோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலாவின் நிறையில் 4 விழுக்காட்டைத் தாண்டாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம்தான். விண்கலங்கள் எதன்மேலும் மோதாமல் கடந்து போகின்றன.

பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது? பூமியின் நிழல் விழுவதாலா?

இல்லை. பூமியின் நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம். படித்த பெரியவர்களிடமும் இந்தக் குழப்பம் இருப்பதால் வாயால் விளக்குவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது.

தேவையானவை: 6 அல்லது 7 செ.மீ. விட்டமுள்ள ஒரு தெர்மாகோல் உருண்டை, அதைச் செருக ஒரு பென்சில், மூடி இல்லாத 9 வாட் எல்.இ.டி. பல்பு. அறையை இருட்டாக்குங்கள். பல்பு குழந்தையின் தலை உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். குழந்தையின் தலை பூமி, உருண்டை நிலா, பல்பு சூரியன்.

பல்பைப் பார்த்து நின்று, கையை நேராக நீட்டி, உருண்டையைத் தலை மட்டத்துக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் முழுவதும் இருட்டு: அமாவாசை. இனி கையை அசைக்காமல், உடம்போடு சேர்ந்து இடப்பக்கமாகக் கால்வட்டம் திரும்ப வேண்டும். உருண்டையின் வலது பாதி வெளிச்சமாகத் தெரியும். அது அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் பார்க்கும் அரை நிலா. பல்புக்கு முதுகு காட்டி நின்றால் பௌர்ணமி. மேலும் திரும்பினால் தேய்பிறை.

சரியாக வராமல் போவதற்குக் காரணங்கள் சிலவே. வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் உருண்டையின் இருட்டுப் பாதியையும் காட்டிவிடும். கறுப்புத் துணி தொங்கவிடுங்கள் அல்லது அறையின் நடுவுக்கு வாருங்கள். குழந்தை உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் வீசினால் பிறைகள் வரிசை தப்பும். பௌர்ணமி நிலையில் உருண்டையைத் தாழ்த்திப் பிடித்தால் தலையின் நிழல் அதன்மேல் விழும். அப்படி விழுந்தால் திட்ட வேண்டாம். அதுதான் சந்திர கிரகணம் என்று அங்கேயே காட்டிவிடலாம். நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை. உருண்டையைக் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

உருண்டையில் குழந்தையைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். பொட்டு எப்போதும் குழந்தையையே பார்க்கும், ஆனால் அறையின் நான்கு சுவர்களையும் பார்த்துத் திரும்பியிருக்கும். நிலா தன்னைத்தானே சுற்றாது என்ற தவறான எண்ணம் அதோடு தீர்ந்துவிடும்.

புத்தகத்தில் பிறை நட்டுக்குத்தலாக இருக்கிறது. நம் வானத்தில் படுத்திருக்கிறதே?

இரண்டும் சரி. அந்தப் படங்கள் பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்கள் பார்க்கும் நிலா. தமிழ்நாடும் இலங்கையும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் மூன்றாம் பிறை மேற்கே படகு போல மல்லாந்து தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இது மிகத் தெளிவு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு பக்கம் சாயும். படத்தில் இருப்பது போலத்தான் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணால் கண்டதை வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது பெரிய அநியாயம்.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லலாமா?

தாராளமாக. பாட்டியாகத் தெரியும் அந்தக் கருந்திட்டுகள் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பொங்கி உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளிகள். வெளிர்ந்த பகுதி அதைவிடப் பழைய மேட்டுநிலம். பௌர்ணமியன்று நிலா உதிக்கும்போது ஒரு முறையும், உச்சிக்கு வந்தபிறகு ஒரு முறையும் கருந்திட்டுகளை வரையச் சொல்லுங்கள். இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும். நிலா மாறவில்லை, நாம் பார்க்கும் கோணம் மாறியது.

வெளிர்ந்த அந்த மேட்டுநிலப் பாறையின் பெயர் அனார்த்தோசைட். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலும் அதே வகைப் பாறை உண்டு. சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ அங்கிருந்துதான் பாறையை எடுத்து அரைத்துச் செயற்கை நிலா மண் தயாரித்தது. நாமக்கல், சேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

நிலாவின் பள்ளங்களைச் செய்து காட்ட என்ன வேண்டும்?

ஓர் அகலத் தட்டு அல்லது டப். அதில் 5 செ.மீ. ஆழத்துக்கு மைதா அல்லது கோலப்பொடி, மேலே மெல்லியதாக ஒரு படலம் சலித்த செம்மண். கோலிக்குண்டை 30 செ.மீ., 60 செ.மீ., 1 மீட்டர் உயரங்களிலிருந்து விட்டு, ஒவ்வொரு பள்ளத்தின் அகலத்தையும் ஸ்கேலில் அளந்து எழுதச் சொல்லுங்கள். செம்மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளை மாவு கதிர்களாகச் சிதறும். நிலாவில் டைக்கோ பள்ளத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கதிர்கள் அப்படி உண்டானவையே.

மாவு குறைவாக இருந்தால் குண்டு தட்டில் மோதித் துள்ளிவிடும். மாவை அமுக்கி வைத்தால் சிதறாது. ஒவ்வொரு முறையும் தட்டை லேசாக ஆட்டிச் சமப்படுத்தி, செம்மண்ணை மறுபடி தூவ வேண்டும். கோலப்பொடியானால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். குண்டைச் சாய்வாக எறிந்தால் மாவில் நீண்ட பள்ளம் விழும். நிலாவிலோ சாய்வாக வந்து மோதியவையும் பெரும்பாலும் வட்டப் பள்ளத்தையே உண்டாக்கியிருக்கின்றன. நொடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் பாறை, மோதிய கணத்தில் வெடித்துவிடுகிறது. பள்ளத்தைத் தோண்டுவது அந்த வெடிப்பு. அதனால்தான் பள்ளம் பாறையைவிடப் பத்து இருபது மடங்கு அகலம்.

வானத்தில் கோளை எப்படி அடையாளம் காட்டுவது?

வெறுங்கண்ணுக்குத் தெரிபவை ஐந்து. நட்சத்திரம் மினுக்கும், கோள் நிலைத்த ஒளியாக இருக்கும் என்பது நல்ல விதிதான். ஆனால் அடிவானத்துக்கு அருகில் கோளும் மினுக்கும், எனவே நன்றாக மேலே வந்தபின் பாருங்கள். வெள்ளி சூரியனிடமிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாது. ஆகவே அது சூரியன் மறைந்தபின் மேற்கே அல்லது விடியுமுன் கிழக்கே மட்டும். நள்ளிரவில் தலைக்கு மேலே பளிச்சென்று ஏதாவது நின்றால் அது வெள்ளி அல்ல, அநேகமாக வியாழன். செவ்வாய் செம்மஞ்சள், சனி மங்கிய மஞ்சள். புதனுக்கு மரமும் கட்டடமும் மறைக்காத அடிவானம் வேண்டும், கடற்கரை நல்லது.

ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகள் உதவும். அவை தவறாகக் காட்டினால் காரணம் இரண்டே: ஊர் மாற்றப்படாமல் இருப்பது, அல்லது மொட்டை மாடியின் இரும்புக் கம்பி, தகரக் கூரை போன்றவை போனின் திசைகாட்டியைக் குழப்புவது. இரும்பிலிருந்து விலகி நின்று, போனை எட்டு வடிவில் நாலைந்து முறை வீசினால் திசை சரியாகும்.

தொலைநோக்கி வாங்கித் தரலாமா?

முதலில் பைனாகுலர். 8×40 அல்லது 7×50 போதும் (முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்). சிறு பிள்ளைகளுக்கு 10×50 கனமாக இருக்கும், ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. முழங்கைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். கலிலியோ 1610இல் கண்டுபிடித்த அயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ அவை. அடுத்தடுத்த இரவுகளில் அவற்றின் இடத்தை நோட்டில் புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள்; இடம் மாறுவதும் ஒன்று காணாமல் போய் மீண்டும் வருவதும் தெரியும்.

தொலைநோக்கிதான் வேண்டும் என்றால் பெட்டியில் "525 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்திருப்பதை வாங்காதீர்கள். பயன்படும் அதிகபட்சப் பெருக்கம், முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதன் இரு மடங்கு. 60 மி.மீ. கருவிக்கு 120. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். சனியின் வளையத்தைக் காண 30 மடங்கு பெருக்கமே போதும். மலிவான கருவிகளில் உண்மையான குறை தாங்கியில் இருக்கிறது: தொட்டால் ஆடும், ஆடினால் கோள் பார்வையை விட்டு ஓடும், குழந்தை இரண்டாம் நாளே சலித்துவிடும். மேசைமேல் வைக்கும் 114 அல்லது 130 மி.மீ. டாப்சோனியன் வகை உறுதியானது.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. இனி 2032 வரை அது ஆண்டுக்கு ஆண்டு விரிந்து தெரியும்.

சூரியனைக் காட்டுவது எப்படி?

நேராகக் காட்டக் கூடாது. எக்ஸ்ரே படம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், சி.டி., மஞ்சள் நீர் எதுவும் பாதுகாப்பல்ல. வெளிச்சம் குறைந்து கண் கூசாததால் அதிக நேரம் பார்க்கத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரையில் வலி உணர்வு கிடையாது, அதனால் சுடுவதே தெரியாது. பைனாகுலர் வழியாகப் பார்த்தால் ஒரே கணத்தில் பார்வை போகும்.

நல்ல வழி: சின்ன முகக் கண்ணாடி ஒன்றைக் காகிதத்தால் மூடி, அதில் 5 மி.மீ. ஓட்டை போடுங்கள். வெயிலில் அதை அசையாமல் வைத்து, 10 மீட்டர் தள்ளி இருட்டான அறையின் சுவருக்கு ஒளியைத் திருப்புங்கள். சுவரில் விழும் 9 செ.மீ. வட்டம் வெறும் வெளிச்சப் புள்ளி அன்று. அது சூரியனின் பிம்பம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் பிம்பம் வட்டமாகவே இருக்கும், கிரகணத்தன்று கடித்த வடிவில் தெரியும். சுவர் பக்கத்தில் இருந்தால் பிம்பம் சிறுத்து ஓட்டையின் வடிவமே விழும், தூரத்தைக் கூட்டுங்கள். கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்காதபடி ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நிழலில்லா நாள் என்றால் என்ன?

நம் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு அப்போது பக்கவாட்டில் நிழல் விழாது. சென்னையில் ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி. கன்னியாகுமரியில் ஏப்ரல் 11, செப்டம்பர் 1. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28 அளவில். டெல்லிக் குழந்தைக்கு இந்த வாய்ப்பே கிடையாது, டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

20 செ.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டைச் சமதரையில் நிறுத்தி, தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தைச் சரிபாருங்கள். காலை 11:30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். சென்னையில் ஏப்ரலில் 12:07 வாக்கில் நிழல் மறையும். சரியாக 12 மணி என்று எதிர்பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். அன்று மேகமாக இருந்தால் முந்திய நாளோ அடுத்த நாளோ செய்யலாம், வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறதா?

இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் (14.7 கோடி கி.மீ.) வருவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு மார்கழிக் குளிரில். மிகத் தொலைவில் (15.2 கோடி) இருப்பது ஜூலை முதல் வாரத்தில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் 23.5 டிகிரி சாய்வு.

நவக்கிரகமும் கோள்களும் ஒன்றா? குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

கோயிலில் சுற்றிவரும் குழந்தை இதைக் கேட்பது இயல்பு. நேராகச் சொல்லிவிடலாம். நவக்கிரகங்களில் ஐந்து, இன்று கோள் என்று நாம் சொல்பவையே. ஞாயிறு ஒரு நட்சத்திரம், திங்கள் பூமியின் துணைக்கோள். ராகுவும் கேதுவும், நிலாவின் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். சூரியனும் நிலாவும் அந்தப் புள்ளிகளுக்கு அருகே வரும்போதுதான் கிரகணம் நடக்கும். நிற்கும் தரை என்பதால் பூமி அந்தப் பட்டியலில் இல்லை. யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும்தான் தொலைநோக்கியால் கண்டறியப்பட்டன. வழிபாடு வேறு, வானியல் வேறு என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகள் சங்கடமில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

புளூட்டோவை ஏன் நீக்கினார்கள்?

1930இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ நம் நிலாவைவிடச் சிறியது. விட்டம் 2,377 கி.மீ. அதன் பக்கத்துப் பகுதியில் அதே போன்ற பனிப் பொருள்கள் நிறைய இருப்பது பின்னர் தெரிந்தது. 2005இல் ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் கிடைத்தது. இரண்டையும் கோள் என்பதா, இரண்டையும் வேறு வகை என்பதா என்ற கேள்விக்கு, 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் குறுங்கோள் என்ற வகையை வைத்தது. கோளாக இருக்கத் தன் பாதைப் பகுதியில் ஆதிக்கம் செலுத்த வேண்டும். புளூட்டோ அப்படி இல்லை. அது அழியவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள் உண்மையிலேயே கவலைப்படுகிறார்கள்.

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன்தானே மிகச் சூடான கோள்?

வெள்ளிதான். ஏறக்குறைய 465 டிகிரி செல்சியஸ், இரவிலும் பகலிலும். அடர்ந்த கரியமில வாயு வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. புதனில் காற்று மண்டலம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் பகலில் 430, இரவில் மைனஸ் 180.

சனிக்கு எத்தனை நிலாக்கள்?

2025 மார்ச் கணக்கில் 274. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் வேறு எண்கள் இருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்யத் தகுந்த எண் இது அன்று.

எங்கே அழைத்துப் போகலாம்?

சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், கொழும்பில் இலங்கைக் கோளரங்கம். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டன; அந்த நிகழ்வை அவதானித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. கிளம்பும் முன் பார்வை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கோளரங்கத்துக்குப் போகலாம், மலைக்குப் போய்ப் பயனில்லை.

அடுத்து வரும் கிரகணங்கள் எவை? எப்படித் தயாராவது?

2027 ஆகஸ்ட் 2 மாலை சூரியனின் ஒரு பகுதி மறையும். 2028 டிசம்பர் 31 இரவு 10 மணியை ஒட்டி முழுச் சந்திர கிரகணம். அதை வெறுங்கண்ணால் பார்க்கலாம், எந்தக் கண்ணாடியும் வேண்டாம். 2031 மே 21 மதியம் தென் தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் சூரியன் வளையமாகத் தெரியும். கிரகண நேரத்தில் சாப்பிடுவதாலோ வெளியே நிற்பதாலோ உடம்புக்கு எந்தக் கேடும் வராது.

சூரிய கிரகணத்துக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக் குறியுள்ள கண்ணாடிகளை, நாள் நெருங்கும் முன்பே நம்பகமான அறிவியல் அமைப்புகளிடம் வாங்கிவிடுங்கள். போட்டுக்கொண்டு வீட்டு டியூப்லைட்டைப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. கீறலோ ஊசி ஓட்டையோ மடிப்போ இருந்தால் அதை வெட்டிப் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அட்டைக் கண்ணாடி நழுவும். பேப்பர் தட்டின் நடுவில் கண்ணாடி அளவுக்கு வெட்டி, அதில் ஒட்டி, முகத்தை மறைக்கும்படி கட்டிவிட்டால் ஓரத்து வழியாகச் சூரியனைப் பார்க்க முடியாது.